சீட்டுக்கு அடியில் இருக்கும் கனெக்டர்

காரில் சூடாகும் சீட்டுக்குள் பெரிய மர்மம் எதுவும் இல்லை. மெத்தைக்கும் உறைக்கும் நடுவே கம்பியோ கார்பன் இழையோ ஓடும் ஒரு விரிப்பு. மின்சாரம் பாய்ந்தால் மின்தடையால் அது சூடாகும். பக்கத்திலேயே ஒரு தெர்மிஸ்டர் சூட்டை அளந்துகொண்டிருக்கும்.

குளிரும் சீட்டில் இரண்டு வகை. நம் ஊர்க் கார்களில் வருவது பொதுவாக மின்விசிறிதான். துளையிட்ட உறை வழியாகக் காற்றை ஓட்டி வியர்வையை உலர்த்தும், அவ்வளவே. ஏசி ஓடினால்தான் முழுப் பலன். இன்னொன்று பெல்டியர் தகடு. 1834-ல் ழான் பெல்டியர் கண்டறிந்தபடி, மின்சாரம் ஒரு திசையில் போனால் தகட்டின் ஒரு முகம் குளிரும். திசையை மாற்றினால் அதே முகம் சூடாகும்.

சரி, இவ்வளவுக்கும் மின்சாரம் போவது சீட்டுக்கு அடியில் உள்ள கனெக்டர் வழியாக. சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும்போதெல்லாம் வயர் வளைகிறது. கனெக்டருக்குள் இருக்கும் உலோகப் பின்கள் நூலளவு உரசுகின்றன. உரசிய இடத்தில் ஆக்சைடு படியும், தடை ஏறும்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். 12 வோல்ட்டில் 60 வாட் சீட் என்றால் 5 ஆம்பியர் ஓடும். விரிப்பின் தடை 2.4 ஓம். கெட்டுப்போன கனெக்டர் பின் ஒன்று 0.2 ஓம் தடையைச் சேர்த்தால் ஓட்டம் 4.6 ஆம்பியராகக் குறையும். சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அந்தச் சின்னப் பின்னில் மட்டும் 4 வாட்டுக்கு மேல் சூடு உண்டாகிறது. சூட்டில் பின்னின் பிடி தளரும், தடை இன்னும் ஏறும், கடைசியில் பிளாஸ்டிக் உருகும். இத்தனை நடந்தும் ஃபியூஸ் போகாது! மின்னோட்டம் கூடினால்தானே அது அறுந்துபோகும். இங்கே ஓட்டம் குறையத்தான் செய்கிறது. அதனால் வெளியே தனியாக ஹீட்டர் வாங்கிப் பொருத்துபவர்கள் வயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றி விடுவதை என்னால் ஏற்கவே முடியாது. வயரோடு முறையாக கிரிம்ப் செய்த (அழுத்தி இறுக்கிய) கனெக்டர் பின், தனி ஃபியூஸ், சாவி போட்டால் மட்டும் இயங்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), கார் உடலில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் எர்த் ஆகிய நான்கும் கட்டாயம் வேண்டும்.

அப்புறம், சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக்கினுடையது. மல்டிமீட்டரை அதில் வைக்கவே கூடாது. எதைக் கழற்றுவதற்கும் முன்பு பேட்டரியைத் துண்டித்துவிட்டு, காரின் கையேட்டில் சொன்ன நேரம் வரை காத்திருங்கள்.