பொட்டு ஏன் கலங்குகிறது: கைத்தொலைபேசித் திரையைப் படமெடுத்துப் பார்த்தல்

இறந்தவர் நினைவாக அச்சிடும் அந்தியேட்டிக் கல்வெட்டுப் புத்தகத்துக்கோ செத்தவீட்டுப் பதாகைக்கோ படம் கேட்டால் இப்போது அது பெரும்பாலும் வட்ஸ்அப்பில்தான் வந்து சேர்கிறது. யாரோ ஒரு கலியாணத்தில் எடுத்த கூட்டுப்படம். மூன்றாம் வரிசையில் அப்பம்மா நிற்பா. "அவவின்ரை முகத்தை மட்டும் வெட்டி 24க்கு 36 அங்குலத்திலை அடிச்சுத் தாங்கோ" என்று கூடவே ஒரு குரல்பதிவு. போனில் பார்க்கும்போது முகம் துலக்கமாகத்தான் இருக்கும். பிறேம் போட்டுச் சுவரில் மாட்டியதும்தான் "ஏன் இப்படிக் கலங்கிப்போய்க் கிடக்கு?" என்ற கேள்வி வரும். அச்சகத்தில் பிழை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். பிழை அங்கே இல்லை.

கணக்கைப் பாருங்கள். வட்ஸ்அப்பில் வழமையான தரத்தில் அனுப்பினால் படத்தின் நீளப் பக்கம் ஏறத்தாழ 1600 பிக்சலுக்கு (படத்தை ஆக்கும் நிறப் புள்ளிகளுக்கு) சுருங்கிவிடும். முப்பது பேர் நிற்கும் படத்தில் ஒரு முகத்துக்கு மிஞ்சுவது 100 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொள்வோம். அந்த முகத்தைப் பத்து அங்குலத்துக்கு அச்சிட்டால் அங்குலத்துக்குப் பத்துப் பிக்சல். கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு அங்குலத்துக்கு 300 வேண்டும். சுவரில் மாட்டி எட்ட நின்று பார்க்கும் படத்துக்கு 150 ஆவது வேண்டும். போன் திரையில் அதே முகம் கால் அங்குல அகலத்தில், பின்னாலிருந்து ஒளி அடிக்க, நெருக்கமான புள்ளிகளில் நிற்கிறது. கண்ணுக்குக் குறை தெரிய வழியில்லை.

இதை வாயால் விளங்கப்படுத்துவது கடினம். திரையையே படமெடுத்துக் காட்டினால் பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். கீழே வரும் சோதனைகள் பாடசாலைப் புகைப்படக் கழகத்துக்கும் வீட்டு விறாந்தைக்கும் பொருந்துபவை. படங்களாகவும் அவை அழகானவை. சட்டம் போட்டுக் காட்சிக்கு வைக்கலாம்.

முதலில் ஒரு துளி தண்ணீர். ஈர்க்கு நுனியால் தொட்டு, வெள்ளைப் பக்கம் திறந்திருக்கும் போன் திரையில் மிகச் சிறிய துளி ஒன்றை வையுங்கள். உடைந்த திரையில் இதைச் செய்ய வேண்டாம், தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். துளி உருப்பெருக்கியாக வேலை செய்யும். வெள்ளை மறைந்து சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் தெரியும். பின்விளக்கு வைத்த எல்சிடி திரையில் அவை வரிசையாக நிற்கும் கோடுகள். புள்ளிகள் தாமே ஒளிரும் ஓஎல்ஈடி போன்கள் பெரும்பாலானவற்றில் பச்சைப் புள்ளிகளின் எண்ணிக்கை மற்ற நிறம் ஒவ்வொன்றையும்விட இரு மடங்கு. வைரக்கல் பதித்ததுபோல் சாய்வாக அடுக்கப்பட்டிருக்கும். மிக அருகில் எடுக்கும் மக்ரோ லென்ஸ் இருந்தால் துளி தேவையில்லை. வெள்ளைப் பக்கத்தைப் படமெடுத்துவிட்டு அப்பம்மாவின் முகத்தைத் திரையில் கொண்டுவந்து அவவின் கண்ணைப் படமெடுங்கள். அங்கே தோலும் இல்லை, கண்ணும் இல்லை; மூன்று நிறத்தில் எரியும் விளக்குகள்தான். அச்சிட்ட படம் தன்மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது. திரையோ தானே எரிகிறது. அச்சுப்படம் எப்போதும் திரையைவிட மங்கலாகத் தோன்ற இது முக்கிய காரணம். கல்வெட்டு வேலைக்குப் படத்தைத் திருத்துபவர்கள் திரையின் பிரகாசத்தைப் பாதிக்குக் குறைத்து வைத்துத்தான் நிழல்களைத் தீர்மானிக்க வேண்டும். அதைச் செய்யாததால்தான் அச்சில் முகங்கள் கறுத்துப் போகின்றன.

அடுத்தது கறுப்புப் பட்டைகள். வழமையான திரை ஒரு செக்கனுக்கு 60 தடவை புதுப்பிக்கப்படும். கமராவை 1/1000 செக்கனில் வைத்து எடுத்தால் திரையின் குறுக்கே பட்டைகள் விழும். 1/60 அல்லது 1/30 இல் எடுத்தால் பெரும்பாலும் மறையும். பிரகாசத்தைக் குறைத்த ஓஎல்ஈடி திரைகள் மிக விரைவாக அணைந்து எரிவதால் அவற்றில் பட்டைகள் இன்னும் நெருக்கமாக வரும். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 50 சுழற்சி; ஒவ்வொரு சுழற்சிக்கும் இரண்டு துடிப்பு. பழைய ரியூப் லைற் செக்கனுக்கு 100 தடவை துடிக்கிறது. திரைக்கு ஏற்ற வேகம் லைற்றுக்கு ஒத்துவராது. லைற்றை அணைத்துவிட்டு எடுங்கள்.

மடிகணினியின் எல்சிடி திரையில் இன்னொன்றையும் பார்க்கலாம். அதிலிருந்து வரும் ஒளி முனைவாக்கப்பட்டது, அதாவது ஒரே தளத்தில் மட்டும் அதிர்வது. கமராவில் போலரைசர் பில்ற்றர் பூட்டி, அல்லது போலரைஸ்ட் வெயில்கண்ணாடியைப் போன் கமராவின் முன் பிடித்து மெல்லச் சுழற்றினால் ஒரு நிலையில் திரை முழுவதும் கறுக்கும். அந்த நிலையில் திரைக்கும் கண்ணாடிக்கும் இடையே படம் வைக்காத வெறும் லமினேற்றிங் உறையைப் பிடியுங்கள். வானவில் நிறங்கள் ஓடும். பிளாஸ்ரிக்கை இழுத்துத் தயாரித்தபோது அதன் உள்ளே ஏற்பட்ட விறைப்பே அந்த நிறங்கள். திரையில் ஒரு முகம் இருந்தால் அந்த முகம் உறை மறைக்கும் இடத்தில் மட்டும் நிறமாகத் தெரியும், மற்ற இடமெல்லாம் இருட்டு. முக்காலியில் வைத்து ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துவார அளவு) 8, கால் செக்கனில் தொடங்கி, போதாவிட்டால் நேரத்தைக் கூட்டுங்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் லமினேற் செய்த படங்களை நெஞ்சோடு அணைத்தபடி வருடக்கணக்காக வீதியில் இருக்கும் தாய்மார் உள்ள வட மாகாணம் இது. அந்த உறைக்குள் இருப்பது பல தடவை பிரதி எடுக்கப்பட்ட முகம் என்பதை நினைத்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

பிரதியின் மேல் பிரதி எடுப்பதுதான் இவற்றில் முக்கியமான சோதனை. ஒரு போனில் படத்தைத் திறந்து வைத்து, 40 சென்ரிமீற்றர் தூரத்தில் முக்காலியில் நிற்கும் மற்றப் போனால் எடுங்கள். எடுத்த படத்தைத் திரும்ப முதற் போனுக்கு அனுப்பி, திறந்து, மீண்டும் எடுங்கள். இப்படிப் பன்னிரண்டு தலைமுறை. அழகூட்டும் வசதியையும், வெளிச்சத்தையும் நிழலையும் தானே சமன்செய்யும் எச்டிஆரையும் நிறுத்திவிடுங்கள். நிறுத்தாவிட்டால் நான்காம் தலைமுறையிலேயே முகம் மெழுகாகிவிடும் (அதையும் ஒரு தனி வரிசையாகச் செய்து பார்க்கலாம்). ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் தலைமுறை எண்ணை எழுதுங்கள், இல்லாவிட்டால் ஐந்தாவதற்குப் பிறகு எது எதுவென்று தெரியாது. இரண்டாம் மூன்றாம் தலைமுறையிலேயே சேலையில் அலைஅலையாகக் கோடுகள் எழும்பும். திரையின் புள்ளி வரிசையும் கமரா உணரியின் புள்ளி வரிசையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பின்னும் மொய்ரே கோலம் அது. கமராவை ஐந்து பாகை திருப்பினாலும், கொஞ்சம் தள்ளி வைத்தாலும், குவியத்தை மயிரளவு தளர்த்தினாலும் அந்தக் கோலம் மாறும். ஒருமுறை விழுந்த கோலம் அடுத்த தலைமுறைக்குப் போய் அங்கே புதிதாக விழுவதோடு சேர்ந்துகொள்ளும். 1, 4, 8, 12 ஆகிய நான்கையும் ஒரே அளவில் அச்சிட்டு அருகருகே வையுங்கள்.

இதில் பொட்டை மட்டும் கவனியுங்கள். 1992 இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் முறை படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டி, கண் எளிதில் கவனிக்காத நுணுக்கங்களைக் கழிக்கிறது. வெளிச்ச வேறுபாட்டை ஓரளவு காப்பாற்றும்; நிறத்தையோ பெரும்பாலும் நான்கு பிக்சலுக்கு ஒரு தடவைதான் எழுதும். 100 பிக்சல் முகத்தில் குங்குமப் பொட்டு ஐந்தாறு பிக்சல் அகலம்தான். அதன் சிவப்பு குறுக்கே மூன்று நிற மாதிரிகளுக்குள் அடங்கி, விளிம்பில் தோல் நிறத்தோடு கலந்து, அடுத்த தலைமுறையில் நெற்றியில் பரவுகிறது. மூக்குத்தி மறைவதும் மச்சம் போவதும் இதே காரணத்தால்தான்.

இந்த இடத்தில் ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். ஒரு கோப்பைத் திறந்து பார்த்து மூடுவதால் அது கெடாது. வட்ஸ்அப்புக்குள் வந்த படத்தை அப்படியே இன்னொருவருக்கு ஃபோர்வேட் செய்வதாலும் பெரிய சேதமில்லை. பெரிய இழப்பு முதல் அனுப்பலிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அதன் பிறகு படத்தைக் கொல்வது ஸ்கிரீன்சொட், வெட்டிச் சேமித்தல், ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுதல். 1080 பிக்சல் அகலத் திரையை நிமிர்த்திப் பிடித்து, படுக்கையான படத்தை ஸ்கிரீன்சொட் எடுத்தால் மிஞ்சுவது 1080க்கு 810. நல்ல தரத்தில் மூன்றரை அங்குலப் படம்தான் அதிலிருந்து வரும்.

கலங்கிய முகத்தை செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டுத் துலக்கிக்கொண்டு வருபவர்களும் உண்டு. கண்ணிமை எண்ணத்தக்கதாக இருக்கும். ஆனால் அந்த இமை அவருடையதல்ல. கழிந்துபோன தகவலை எந்தச் செயலியாலும் மீட்க முடியாது. பல முகங்களைப் பார்த்துப் பழகியதிலிருந்து பொருத்தமான ஒன்றை அது வரைந்து வைக்கிறது. கல்வெட்டில் போடும் முகத்துக்கு இதைச் செய்யக் கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் படத்துக்கு ஒருபோதும் செய்யக் கூடாது, அது அடையாளத்தையே மாற்றும். சிறியதாக, உள்ளது உள்ளபடி அச்சிடுங்கள்.

வீடியோ அழைப்பையும் படமெடுக்கலாம். கமராவை நீண்ட நேரம் திறந்து வைப்பது இதற்கு நல்ல வழி. யப்பானியப் புகைப்படக் கலைஞர் ஹிரோசி சுகிமொட்டோ திரையரங்குகளில் ஒரு முழுப் படம் ஓடி முடியும்வரை கமராவைத் திறந்து வைத்தார். படத்தில் திரை வெறும் வெள்ளையாக வந்தது. ரொறன்ரோவிலோ பாரிசிலோ இருக்கும் பெரியம்மா போனில் கதைக்கும்போது, அவவிடம் கேட்டுவிட்டு, அறையை இருட்டாக்கி, பிரகாசத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து, ஐஎஸ்ஓ 100, எஃப் 16 இல் 8 செக்கன் எடுங்கள். பிறகு 15, 30. அசையாத சுவரும் சாமிப்படமும் துலக்கமாக நிற்க, முகம் மட்டும் கரைந்து போகும். இணைப்பு இழுபடும் நேரத்தில் 1/60 இல் எடுத்தால் வேறொன்று அகப்படும். வீடியோ ஒவ்வொரு காட்சியையும் முழுமையாக அனுப்புவதில்லை, முன்னையதிலிருந்து மாறியதை மட்டும் அனுப்புகிறது. நடுவில் சில தரவு தொலைந்தால் பழைய முகத்தின் துண்டுகள் புதிய அசைவோடு இழுபட்டுப் போகும். தகப்பனின் செத்தவீட்டையே இப்படிக் கட்டங்களாகப் பார்த்த பிள்ளைகள் எத்தனையோ பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். இந்தப் படங்களை விளையாட்டாக வெளியே போட வேண்டாம்.

கடைசியாக நீலப்படம். 1842 இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜோன் ஹேர்ஷல் கண்டுபிடித்த சயனோரைப்: இரும்பு உப்புக் கரைசல் பூசிய தாளை வெயிலில் வைத்து நீல நிறப் படம் எடுக்கும் முறை. வெள்ளைத் திரையுள்ள போனை இந்தத் தாளின்மேல் இரவு முழுக்கக் கவிழ்த்து வைத்தாலும் வெயிலில் வருவதுபோல் துலக்கமான படம் வராது. தாள் ஊதாக்கடந்த கதிருக்குத்தான் நன்றாக வேலை செய்யும். போனில் அது கிட்டத்தட்ட இல்லை. எங்கள் மதிய வெயிலில் ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். திரையின் ஒளிக்கும் வெயிலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே தாளில் தெரிந்துவிடும்.

பெரிக் அமோனியம் சிற்றேற்று 25 கிராம், 100 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில். பொற்றாசியம் பெரிசயனைட்டு 10 கிராம், இன்னொரு 100 மில்லிலீற்றரில். இரண்டையும் தனித்தனிக் கபில நிறப் போத்தலில் வையுங்கள்; எங்கள் வெக்கைக்கு முதலாவதில் பூஞ்சணம் பிடிக்கும், பிடித்தால் வடித்தெடுக்கலாம். பூசும் நேரத்தில் சம அளவு கலந்து, ஏ4 தாளுக்கு 3 முதல் 4 மில்லிலீற்றர், மங்கிய மஞ்சள் குமிழ் வெளிச்சத்தில் தூரிகையால் பூசி இருட்டில் உலர்த்துங்கள். கையுறை போடுங்கள். சமையல் பாத்திரம் கூடாது. பெரிசயனைட்டோடு செறிந்த அமிலத்தைச் சேர்க்கவோ அதைச் சூடாக்கவோ கூடாது, நச்சு வாயு வரும். போட்டோக்கொப்பித் தாள் சரிவராது. அதில் சுண்ணாம்புச் சேர்மானம் இருப்பதால் நீலம் வெளிறும். நீர்வர்ணம் தீட்டும் பருத்தித் தாள் நல்லது. மாரியில் பூசிய தாள் ஈரம் வாங்கித் தானே கறுக்கும், அன்றைக்கே பயன்படுத்துங்கள்.

முதலாம் தலைமுறையையும் பன்னிரண்டாம் தலைமுறையையும் கறுப்பு வெள்ளையாக்கி, நெகற்றிவாக மாற்றி, ஓஎச்பி சீற்றில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் தாளில்) லேசர் பிறிண்ட் எடுங்கள். ஒரு சீற்றின் கறுப்பு போதாது, ஒரே படத்தை இரண்டு எடுத்துப் பொருத்தி ஒட்ட வேண்டும். இரண்டு முகத்தையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே கண்ணாடி அழுத்தி, வெயிலில் வையுங்கள். மூடாத ஓரம் பச்சையிலிருந்து நீலமாகி, பிறகு சாம்பல் வெண்கல நிறத்துக்கு வந்ததும் எடுக்கலாம்.

கழுவும்போதுதான் யாழ்ப்பாணத்தில் பலரின் படம் காணாமல் போகிறது. எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டியவை; தண்ணீர் வன்மையானது, காரத்தன்மையுள்ளது. காரம் பட்டால் அந்த நீலம் சிதைந்து வெளிறிவிடும். முதற் கழுவலுக்கு ஒரு லீற்றர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி, அல்லது ஒரு தேசிக்காயின் புளி. அதில் ஐந்து நிமிடம். பிறகு பிடித்து வைத்த மழைத்தண்ணீரில் மஞ்சள் முழுக்கப் போகும்வரை. சவர்க்காரம் பட்ட வாளி வேண்டாம்.

அச்சுக்குப் படம் தரும்போது எடுத்த போனையோ மெமரி காட்டையோ நேரே கொண்டுவாருங்கள். தூரத்தில் இருப்பவர் வட்ஸ்அப்பில் 'டொக்கியுமென்ற்' ஆக இணைத்து அனுப்பினால் கோப்பு சுருங்காது. 4000க்கு 3000 பிக்சல் படம் அப்படியே வந்து, நீளப் பக்கத்தை 24 அங்குலமாக அச்சிட்டால் அங்குலமொன்றுக்கு ஏறத்தாழ 167 பிக்சல் கிடைக்கும், அந்த அளவுப் பிறேமுக்குப் போதும். 1995 ஒக்ரோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வில் அல்பத்தை விட்டுவிட்டு வந்த குடும்பங்களில் ஒருவருக்கு அடையாள அட்டை அளவில் ஒரு படம்தான் மிஞ்சியிருக்கும். அதைப் போனால் எடுக்க வேண்டாம். ஸ்கானரில் 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி), தரம் கழியாத ரிஃப் (TIFF) கோப்பாக எடுங்கள். ஸ்கானர் இல்லாவிட்டால் வெயில் நேரே படாத விறாந்தையில், பிளாஷ் இல்லாமல், கமராவைப் படத்துக்கு நேர் மேலே வைத்து எடுக்கலாம். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்கக் கூடாது, கண்ணாடியோடேயே ஸ்கான் செய்யுங்கள்.