பிடிக்கும், பிடிக்காது: ஒரு தொழில் நாட்டத் தேர்வு வேலை செய்யும் விதம்

‘சமையலறை அலமாரி செய்வது.’ ‘செங்கல் அடுக்குவது அல்லது ஓடு பதிப்பது.’ ‘புதிய மருந்து ஒன்றை உருவாக்குவது.’ ‘புத்தகமோ நாடகமோ எழுதுவது.’ அமெரிக்கத் தொழிலாளர் துறை இணையத்தில் இலவசமாகத் தரும் தொழில் நாட்டத் தேர்வு ஏறக்குறைய இப்படித்தான் தொடங்குகிறது. மொத்தம் 60 வரிகள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ‘மிகவும் பிடிக்காது’ என்பதிலிருந்து ‘மிகவும் பிடிக்கும்’ என்பது வரை 5 கட்டங்கள். அந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும், அதில் எவ்வளவு சம்பளம் கிடைக்கும் என்பவற்றையெல்லாம் இப்போதைக்கு ஒதுக்கிவிடுங்கள் என்று முன்னதாகவே சொல்லிவிடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், நீங்கள் எப்படிப்பட்டவர் என்ற கேள்வி அந்த அறுபதில் ஒன்றுகூட இல்லை.

அது தற்செயலாக விடுபட்டதன்று. உங்கள் ஆளுமைக்கு ஏற்ற தொழிலைச் சொல்கிறோம் என்று இணையத்தில் உலவும் சோதனைகளில் பல, முதலில் ஆளை ஒரு வகைக்குள் அடைத்துவிட்டு, பிறகு அந்த வகைக்கென்று ஒரு தொழில் பட்டியலை நீட்டுகின்றன. நாட்டத் தேர்வோ எதிர்த்திசையில் நடக்கிறது. அது வேலைகளை முன்னால் வைத்து, அவற்றின்மீது நமக்குள்ள விருப்பு வெறுப்புகளைத் திரட்டி, அந்தத் திரட்டைக் கொண்டு ஆளை ஊகிக்கிறது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும், ஏறத்தாழ நூறாண்டு ஆய்வுகளுக்கு ஈடுகொடுத்து நிற்பது இரண்டாவது முறைதான். அதுவும்கூட, மக்கள் அதனிடம் எதிர்பார்க்கும் அளவுக்கு அன்று.

1908-இல் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் தொழில் வழிகாட்டு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். தன்னை அறிந்துகொள், தொழில்களை அறிந்துகொள், இரண்டையும் அறிவால் பொருத்திப் பார் என்பதே அவருடைய வழிமுறையின் சாரம். கேட்பதற்குத் தெளிவாக இருக்கும் இந்த வழிமுறையின் இடறல் முதற்படியிலேயே இருக்கிறது. நான் பொறுமைசாலியா, துணிச்சல்காரனா என்று என்னையே கேட்டால், பாதி உண்மையும் பாதி ஆசையுமாகத்தான் பதில் வரும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் எட்வர்ட் ஸ்ட்ராங் 1927-இல் வெளியிட்ட தொழில் நாட்டப் படிவம் இந்தச் சிக்கலை அவிழ்க்க முயலாமல் சுற்றிக்கொண்டு போனது.

ஸ்ட்ராங் செய்ததைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். தொழில்கள், பாடங்கள், பொழுதுபோக்குகள், மனிதர்கள் எனப் பல தலைப்புகளில் சில நூறு சிறு கேள்விகளைத் தொகுத்து, ஒவ்வொன்றும் பிடிக்குமா, பிடிக்காதா, இரண்டுமில்லையா என்று மட்டும் கேட்டார். அதே படிவத்தை, தம் தொழிலில் நிலைத்துவிட்ட பொறியாளர்களிடமும் பல தொழில்களில் உள்ள பொதுவான ஒரு கூட்டத்திடமும் கொடுத்தார். மேடையில் பேசுவது பிடிக்கும் என்று பொதுக்கூட்டத்தில் 100-க்கு 50 பேர் சொல்ல, பொறியாளர்களில் 25 பேர் மட்டுமே சொன்னார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கேள்வி பொறியாளரைப் பிரித்துக் காட்டுகிறது; ஆகவே அது பொறியாளர் அளவுகோலில் சேரும். இரு கூட்டத்தாரும் ஒரே மாதிரி பதில் சொன்ன கேள்வி, பொறியியலைப் பற்றியதாகவே இருந்தாலும், வெளியேற்றப்படும். மேடைப் பேச்சுக்கும் பாலம் கட்டுவதற்கும் என்ன தொடர்பு என்று இந்த முறை விளக்குவதில்லை. விளக்க வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. புதிதாக ஒருவர் படிவத்தை நிரப்பும்போது, அவருடைய விருப்பு வெறுப்புகள் எந்தத் தொழிலாரின் விருப்பு வெறுப்புகளோடு அதிகம் ஒத்துப்போகின்றன என்று எண்ணிச் சொன்னால் போதும்.

உள்ளே என்ன நடக்கிறது என்ற கேள்வியைத் தள்ளிவைத்ததுதான் இந்த முறையின் வலிமை. அதன் குறையும் அங்கிருந்தே பிறக்கிறது. இது ஒரு கண்ணாடி; ஏற்கெனவே அந்தத் தொழிலில் இருப்பவர்களைத்தான் காட்டும். 1933-இல் பெண்களுக்கெனத் தனிப் படிவம் வந்தது. ஆண் படிவமும் பெண் படிவமும் ஒன்றாக இணைக்கப்பட்டது 1974-இல்தான். இடைப்பட்ட 41 ஆண்டுகளில், பெண்கள் அரிதாகவே இருந்த ஒரு துறையில் நாட்டம் கொண்ட பெண்ணுக்கு, தன்னோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கூட்டம் அந்தக் கண்ணாடியில் கிடைத்திருக்காது. கணிதத்தில் பிழை ஏதுமில்லை. கணிதத்துக்குத் தீனியாகக் கிடைத்த உலகமே கோணலாக இருந்தது. செயற்கை நுண்ணறிவைப் பற்றி இன்று எழுப்பப்படும் புகாரும் இதுவேதான் என்பதை நினைத்தால் எனக்குச் சற்று வியப்பாகவே இருக்கிறது.

தொழிலுக்கொரு அளவுகோல் என்று போனால் அளவுகோல்கள் பெருகிக்கொண்டே போகும். அவற்றை ஒரு சிறு வரைபடமாகச் சுருக்கியவர் அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவத்தில், புதிதாகச் சேருபவர்களிடம் முன் அனுபவத்தைக் கேட்டு வகைப்படுத்தும் பணியில் இருந்தவர் அவர். ஆயிரக்கணக்கான வாழ்க்கைகள் ஒரு சில வார்ப்புகளுக்குள்ளேயே அடங்கிவிடுவதாக அங்கே அவருக்குத் தோன்றியது. அந்த எண்ணத்தை 1959-இல் ஒரு கோட்பாடாக எழுதினார். பிற்காலத்தில் அவர் முன்வைத்த வடிவத்தில் நாட்டங்கள் ஆறு. கருவிகளோடும் இயந்திரங்களோடும் மண்ணோடும் உழைக்க விரும்புவது கைவேலை நாட்டம். ஏன், எப்படி என்று துருவுவது ஆய்வு நாட்டம். வரையறையில்லாத வெளியில் புதிதாக ஒன்றைப் படைப்பது கலை நாட்டம். கற்பிப்பது, பேணுவது, ஆற்றுப்படுத்துவது ஆகியவை மக்கள் நாட்டம். இணங்கவைப்பது, விற்பது, தலைமை தாங்குவது ஆகியவை முனைவு நாட்டம். கணக்கும் கோப்பும் விதியும் பிசகாமல் காப்பது ஒழுங்கு நாட்டம். இவற்றின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து இதை ‘ரியாசெக்’ என்று அழைக்கிறார்கள்.

ஆறு பெட்டிகள் என்பதோடு இது நின்றிருந்தால், ராசிக் கட்டத்தில் பாதி என்று சொல்லிக் கடந்துபோயிருக்கலாம். ஆனால் ஏராளமான விடைத்தாள்களை வைத்து, எந்த நாட்டம் எந்த நாட்டத்தோடு சேர்ந்து வருகிறது என்று கணக்கிட்டபோது அந்த எண்களுக்குள் ஓர் ஒழுங்கு தென்பட்டது. ஆய்வு நாட்டம் மிகுந்தவரிடம் கைவேலை நாட்டமோ கலை நாட்டமோ ஓரளவு சேர்ந்தே இருந்தது. முனைவு நாட்டம் அந்த அளவுக்கு இல்லை. மேலே சொன்ன வரிசையில் ஆறையும் ஓர் அறுகோணத்தின் முனைகளில் வைத்தால், அடுத்தடுத்த முனைகள் நெருங்கிய உறவினராகவும் எதிரெதிர் முனைகள் அன்னியராகவும் அமைந்தன. 1969-இல் ஹாலண்டும் அவருடன் பணிபுரிந்தவர்களும் இந்த அறுகோணத்தை வெளியிட்டார்கள். கைவேலைக்கு எதிரே மக்கள், ஆய்வுக்கு எதிரே முனைவு, கலைக்கு எதிரே ஒழுங்கு.

இந்த அறுகோணம் ஒரு திசைகாட்டியைப் போன்றது. வடக்குக்கும் கிழக்குக்கும் நடுவே எந்தக் கோணத்திலும் ஒருவர் நிற்கலாம். ஆகவே இது ஆட்களை ஆறு சாதியாகப் பிரிக்கும் ஏற்பாடன்று. ஒரே படத்தில் ஆட்களையும் தொழில்களையும் குறிக்க முடிவது இதன் இன்னொரு வசதி. அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ‘ஓநெட்’ தரவுத்தளத்தில் 900-க்கும் மேற்பட்ட தொழில்கள் உள்ளன. தேர்வை எழுதியவரின் ஆறு எண்களையும் தொழில்களுக்குரிய குறிப்புகளையும் ஒப்பிட்டுத்தான் அந்த இணையதளம் பட்டியலைத் தருகிறது. 60 கேள்விகள் என்றால் நாட்டத்துக்குப் பத்து. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். ஒரு நாட்டத்துக்கு அதிகபட்சம் 40. கணக்கு அவ்வளவுதான்.

ஹாலண்ட் இராணுவத்தில் இருந்த அதே போர்க்காலத்தில், இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ் என்ற பெண்மணி தம் தாயார் கேத்தரீனுடன் சேர்ந்து வேறொரு சோதனையை உருவாக்கத் தொடங்கினார். முறையான உளவியல் பயிற்சி இருவருக்கும் இல்லை. இசபெல் அதற்கு முன் மர்ம நாவல் எழுதிப் பரிசு பெற்றவர். சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் முன்வைத்த உளவியல் வகைகளை அடித்தளமாகக் கொண்டு அவர்கள் அமைத்த மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனை, மனிதர்களை நான்கு எழுத்துக் குறியீடுகளால் 16 வகையாகப் பிரிக்கிறது. இன்றும் உலகெங்கும் நிறுவனங்களில் இதற்குப் பெரும் செல்வாக்கு. இதன் பலவீனத்தை ஒரு சிறு கணக்கிலேயே காட்டலாம். கலகலப்பாகப் பழகும் இயல்பு உயரத்தைப் போன்றது. பெரும்பாலோர் நடுவில்தான் இருப்பார்கள். சராசரி உயரத்தில் ஒரு கோடு கிழித்து, மேலே உள்ளவர்கள் நெட்டையர், கீழே உள்ளவர்கள் குட்டையர் என்று பெயரிட்டால், கோட்டை ஒட்டி நிற்பவர் காலையில் ஒரு வகை, மாலையில் இன்னொரு வகை. மறுமுறை எழுதும்போது ஓர் எழுத்து மாறாமல் இருக்கும் வாய்ப்பு 85 விழுக்காடு என்றே வைத்துக்கொள்வோம், நல்ல எண்தான். நான்கு எழுத்தும் மாறாமல் இருக்கும் வாய்ப்பு 0.85-ஐ நான்கு முறை பெருக்கினால் வருவது: ஏறத்தாழ 52 விழுக்காடு. எழுதியவர்களில் பாதிப்பேர் தம் ‘வகை’யிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறிவிடுவார்கள்.

ஆனாலும் முடிவைப் படித்தவுடன் ‘அட, இது நானேதான்’ என்று தோன்றுகிறதே என்றால், அதற்கான விடையை 1948-இல் உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் கண்டார். தம் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்து, ஆளுக்கொரு தனி அறிக்கை தருவதாகச் சொல்லி, எல்லோருக்கும் ஒரே அறிக்கையைக் கொடுத்தார். கடையில் வாங்கிய சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள் அவை. தன்னைப் பற்றி எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னபோது சராசரி 4.26 வந்தது. வார இதழின் ராசிபலன் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது.

அப்படியானால் அறுகோணம் மட்டும் எந்த அளவுக்கு நம்பத்தக்கது? ஒரு விஷயத்தில் அது உறுதியானது. 12 வயது முதல் 40 வயது வரையிலான நாட்டங்களை அளந்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2005-இல் வெளியான தொகுப்பாய்வு, அவை வியக்கத்தக்க அளவுக்கு நிலையானவை என்றும், 18 வயதிலிருந்து 22 வரையிலான காலத்தில் அந்த உறுதி கூடுகிறது என்றும் காட்டியது. ஆனால் நாட்டத்துக்கு ஏற்ற வேலை கிடைத்தவர்கள் மனநிறைவோடு இருக்கிறார்களா என்ற கேள்விக்கு வரும் விடை அடக்கமானது. 105 ஆய்வுகளைத் திரட்டிய 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பு, பொருத்தத்துக்கும் திருப்திக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு (தொடர்பே இல்லையென்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1) 0.19 என்கிறது. இதை ஆள்கணக்கில் சொல்லலாம். பொருத்தம் கூடிய பாதி, குறைந்த பாதி என்று மக்களைப் பிரித்தால், முதல் பாதியில் 100-க்கு ஏறத்தாழ 56 பேர் நடுத்தரத்துக்கு மேலான திருப்தியோடு இருப்பார்கள்; இரண்டாம் பாதியில் 44 பேர். வேறுபாடு இருக்கிறது, பொய்யில்லை. ஆனால் பொருந்தாத வேலையில் நிறைவோடு இருக்கும் அந்த 44 பேரும் உண்மையானவர்களே.

எண் இவ்வளவு சிறியதாக இருப்பதற்கு எனக்குப் படும் முக்கியக் காரணம், ‘தொழில்’ என்ற சொல் மிகவும் அகலமானது என்பதுதான். கட்டுமானப் பொறியாளர் என்ற ஒரே பெயரின் கீழ், வெயிலில் நின்று கம்பி கட்டுவதைச் சரிபார்ப்பவர் இருக்கிறார். குளிரூட்டிய அறையில் உத்திரத்தின் வளைவைக் கணக்கிடுபவர் இருக்கிறார். டெண்டர் எடுத்துக் கூட்டங்களில் பேரம் பேசுபவர் இருக்கிறார். எம்-புக் எனப்படும் அளவுப் பதிவேட்டில் அளவுகளைப் பதிந்து பில் தயாரிப்பதிலேயே நாளெல்லாம் கழிப்பவரும் இருக்கிறார். அறுகோணத்தின் நான்கு முனைகள் ஒரே பட்டத்துக்குள் அடங்கிவிட்டன. தேர்வு தொழிலின் பெயரைச் சொல்கிறது. ஆனால் ஒருவர் வாழ்வது காலை 9 மணிக்குத் தன் மேசைக்கு வந்துசேரும் வேலையோடுதான்.

அந்த மேசை வேலையின் அமைப்பைத்தான் ஹாக்மன், ஓல்டம் ஆகிய உளவியலாளர்கள் இருவரும் 1970-களில் ஆராய்ந்தார்கள். பல திறன்களைப் பயன்படுத்த இடமுண்டா, ஒரு பொருளைத் தொடக்கம் முதல் முடிவு வரை நாமே செய்கிறோமா, அதனால் பிறருக்குப் பயனுண்டா, எப்படிச் செய்வது என்று நாமே தீர்மானிக்கலாமா, செய்தது சரியா என்று உடனே தெரிகிறதா என்ற ஐந்து கூறுகளை அவர்கள் சுட்டினார்கள். இவற்றில் ஒன்றும் தொழிலின் பெயரில் எழுதியிருப்பதில்லை. கடுகடுக்கும் மேலதிகாரியின் கீழ் உள்ள ஆய்வகம், ஆய்வு நாட்டம் 40-க்கு 40 எடுத்தவரையும் இரண்டே ஆண்டில் வாட்டிவிடும்.

ஆகவே முடிவுத்தாளை வாசிக்கும்போது முதலிடம் எது என்பதைவிட, ஆறு எண்களும் சேர்ந்து வரையும் உருவத்தைப் பார்க்க வேண்டும். ஒரு மாணவிக்கு ஆய்வு 34, கலை 31, கைவேலை 18, மக்கள் 15, முனைவு 9, ஒழுங்கு 7 என்று வருகிறது. இன்னொருத்திக்கு அதே வரிசையில் 24, 23, 22, 22, 21, 20. அதிக மதிப்பெண் பெற்ற நாட்டங்களின் முதலெழுத்துகளால் ஆன குறியீடு இருவருக்கும் ஒன்றே. இணையதளம் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே பட்டியலைத்தான் நீட்டும். முதல் மாணவிக்கு அந்தப் பட்டியல் ஒரு செய்தி. தினமும் பதிவேடு நிரப்பும் வேலை அவளுக்கு ஆகாது என்பதை அடியிலுள்ள 7 தெளிவாகச் சொல்கிறது. பல சமயம் தாளில் அதிகம் பயன்படும் எண் கடைசி எண்தான். இரண்டாமவளின் தாளில் மேலும் இல்லை, கீழும் இல்லை. இத்தகைய தட்டையான உருவம், எல்லாவற்றிலும் ஆர்வமுள்ளவருக்கும் வரலாம். எதையும் இன்னும் செய்து பார்க்காதவருக்கும் வரலாம். 17 வயதில் இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம். தச்சுப் பட்டறையில் ஒரு வாரம்கூட நின்றிராதவள், சமையலறை அலமாரி செய்வது பிடிக்குமா என்ற கேள்விக்கு நடுக்கட்டத்தில் குறியிடுவதைத் தவிர வேறென்ன செய்வாள்? அவளுக்கு அப்போது தேவை இன்னொரு தேர்வன்று. பட்டறையில் அந்த ஒரு வாரம்.