ஒளிராத சூரியன் எப்படி மின்னுகிறது?

வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "மோனேவின் 'இம்ப்ரஷன், சூரியோதயம்' ஓவியத்தில் அந்த ஆரஞ்சு வட்டம் லேசாகத் துடிப்பது போலத் தெரிகிறது. என் கண்ணில்தான் ஏதாவது கோளாறா?"

கோளாறு எதுவும் இல்லை. பலருக்கும் அப்படித்தான் தெரிகிறது. காரணம் நம் மூளையின் அமைப்பில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன், மோனே எப்படி அந்தச் சூரியனிடம் வந்து சேர்ந்தார் என்று பார்த்துவிடலாம்.

க்ளோத் மோனே 1840இல் பாரிஸில் பிறந்தார். வளர்ந்தது லு ஹாவ்ர் என்ற துறைமுக ஊரில். பதின்வயதில் ஊர்க்காரர்களைக் கேலிச்சித்திரமாக வரைந்து விற்றுக்கொண்டிருந்த அந்தப் பையனை, வானத்தையும் கடலையும் பார்த்து வரையச் சொல்லி வெளியே கூட்டிக்கொண்டு போனவர் யூஜீன் பூதன் என்ற ஓவியர். அந்தக் காலத்தில் இயற்கைக் காட்சி வரைபவர்கள் வெளியில் சின்னதாக ஒரு மாதிரி தீட்டிக்கொண்டு வருவார்கள். முழு ஓவியம் பெரும்பாலும் அறைக்குள்தான் முடியும். வண்ணத்தை வெளியே எடுத்துப் போவதே பெரும்பாடு. எண்ணெயில் குழைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருப்பார்கள். குத்திப் பிதுக்க வேண்டும். ஒருமுறை குத்திவிட்டால் சரியாக மூட முடியாது, உள்ளே காய்ந்துவிடும். 1841இல் ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் வெள்ளீயத்தில் பிதுக்குகிற ட்யூபுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைய பற்பசை ட்யூபின் மூதாதை அதுதான். பத்து வண்ணங்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டு ரயிலேறி விடலாம் என்றானது. மோனே உண்மையிலேயே வெளியில் உட்கார்ந்து தீட்டினார் என்பதற்குச் சாட்சியும் இருக்கிறது: 1870இல் த்ரூவில் கடற்கரையில் அவர் வரைந்த ஓவியம் லண்டன் தேசியக் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. அதன் வண்ணத்துக்குள் கடற்கரை மணல் ஒட்டியிருக்கிறது!

வெளியே வந்தவர் கண்ணுக்கு நிழல் கருப்பாக இல்லை. வெயில் நேராகப் படாத இடத்திலும் நீல வானத்தின் ஒளி விழுகிறது அல்லவா? அதனால் நிழலில் நீலம் ஏறும். பழைய பழுப்பு நிழல்கள் அவர் ஓவியங்களிலிருந்து மெல்ல மறைந்தன. சரி, இப்போது சூரியனுக்கு வருவோம்.

1872இல் லு ஹாவ்ர் துறைமுகத்தை அவர் தீட்டுகிறார். சாம்பல் நீலப் பனிமூட்டம், ஒன்றிரண்டு படகுகள், சின்ன ஆரஞ்சுச் சூரியன். இங்கே ஓவியர் எல்லாருக்கும் ஒரு சங்கடம் உண்டு. நிஜச் சூரியன் வானத்தைவிட எத்தனையோ ஆயிரம் மடங்கு பிரகாசம். வண்ணத்துக்கோ சொந்த ஒளி கிடையாது. மிக வெளிர்ந்த வெள்ளைக்கும் மிக அடர்ந்த கருப்புக்கும் உள்ள ஒளி வித்தியாசமே சில பத்து மடங்குதான். சூரியனைப் பிரகாசத்தால் காட்டப் போனால் தோல்விதான். மோனே வேறு வழியில் போனார். சூரியனைச் சுற்றியுள்ள மேகம் எவ்வளவு ஒளிர்கிறதோ, கிட்டத்தட்ட அதே அளவுக்கே சூரியனையும் தீட்டினார். நிறம் மட்டும்தான் வேறு.

நம்பிக்கை வரவில்லை என்றால், அந்தப் படத்தைக் கைப்பேசியில் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சூரியன் ஏறக்குறைய காணாமல் போய்விடும். நான் முதல்முறை செய்தபோது படத்தைத் தவறாக வெட்டிவிட்டேனோ என்று திரும்பத் திறந்து பார்த்தேன்.

இதைக் கவனித்து விளக்கியவர் ஹார்வர்டின் நரம்பியல் விஞ்ஞானி மார்கரெட் லிவிங்ஸ்டன். கண்ணிலிருந்து வரும் செய்தி மூளையில் இரண்டு பெரும் பாதைகளாகப் பிரிகிறது. ஒன்று பரிணாமத்தில் பழையது. ஒரு பொருள் எங்கே இருக்கிறது, நகர்கிறதா, எவ்வளவு தூரம் என்பதையெல்லாம் கணக்கிடுவது அது. அதற்கு நிறம் தெரியாது, ஒளிர்வு வித்தியாசம் மட்டுமே தெரியும். இன்னொன்று, குரங்குகளிலும் மனிதரிலும் நன்றாக வளர்ந்தது. அது நிறத்தையும் உருவத்தையும் பார்த்து 'இது என்ன' என்று சொல்லும். இப்போது மோனேவின் சூரியனை இரண்டுக்கும் காட்டுங்கள். நிறம் பார்க்கும் பாதை "ஆரஞ்சு வட்டம் இருக்கிறது" என்கிறது. இடம் பார்க்கும் பாதைக்கோ அங்கே மேகத்தைத் தவிர எதுவுமே இல்லை. இருப்பது உறுதி, எங்கே என்பதுதான் நிலைகொள்ள மறுக்கிறது. அந்த இழுபறிதான் உங்கள் கண்ணில் துடிப்பாகத் தெரிகிறது. கணினியில் அதே சூரியனை வானத்தைவிடப் பிரகாசமாக மாற்றினால் துடிப்பு அடங்கி, சாதாரண வட்டமாகிவிடுகிறது. பிரகாசத்தைக் கூட்டினால் ஒளி குறைந்தது போலத் தோன்றுகிறது. எனக்கு இதைவிட அழகான கண்கட்டு வித்தை அறிவியலில் வேறெதுவும் தெரியாது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். லிவிங்ஸ்டன் சேர்ந்து ஆராய்ச்சி செய்தது டேவிட் ஹ்யூபலுடன். ஹ்யூபலும் டோர்ஸ்டன் வீசலும் பூனையின் மூளை எப்படிப் பார்க்கிறது என்று ஆண்டுக்கணக்கில் அளந்து, 1981இல் நோபல் பரிசில் பங்கு பெற்றவர்கள். பூனைக்கு எப்படித் தெரிந்தால் நமக்கென்ன என்று கேட்பது சுலபம். பிறவிக் கண்புரையையும் மாறுகண்ணையும் குழந்தைப் பருவத்திலேயே சரிசெய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் மூளை பார்க்கக் கற்காது என்ற புரிதல் அந்த ஆராய்ச்சியால்தான் வலுப்பட்டது. உடனடிப் பலன் என்ன என்று கேட்டு அடிப்படை ஆராய்ச்சிக்கான பணத்தை வெட்டும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

மோனேவுக்கும் கண்புரை வந்தது, வயதான பிறகு. 1912இல் உறுதியானது. மஞ்சளித்துப்போன விழிவில்லை நீல ஒளியைத் தடுக்க, அவர் தீட்டிய அல்லிக்குளத்தில் சிவப்பும் பழுப்பும் ஏறின. எந்த வண்ணம் எது என்று தெரிய, ட்யூபில் ஒட்டியிருந்த பெயரைத்தான் நம்ப வேண்டியிருந்தது. 1923இல் வலது கண்ணில் அறுவை நடந்தது. வில்லையை எடுத்ததும் தடை நீங்கி நீலம் வெள்ளமாக உள்ளே வந்தது. எல்லாமே நீலமாகத் தெரிகிறது என்று முறையிட்டார். நிறமேற்றிய கண்ணாடி அணிந்துகொண்டு, எண்பது வயது தாண்டிய அந்த மனிதர் திரும்பவும் அல்லிக்குளத்தைத் தீட்ட உட்கார்ந்தார்.