நெட்புக்கா, லேப்டாப்பா? இன்ச்சை விடுங்கள், வாட்டைப் பாருங்கள்

கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு லேப்டாப் வாங்கப் போனால் கடையில் இரண்டை எடுத்து மேசையில் வைப்பார்கள். ஒன்று, முன்பு நெட்புக் என்று அழைத்த மலிவான குட்டி லேப்டாப் ரகம்: 11.6 இன்ச், ஒரு கிலோ சொச்சம், ஃபேன் சத்தமே கிடையாது, விலையும் ஏறக்குறைய பாதி. இன்னொன்று 15.6 இன்ச், ஒன்றே முக்கால் கிலோ, சார்ஜரையும் பையில் போட்டால் தோள்பட்டை இறங்கும். “ரெண்டுலயும் விண்டோஸ் 11தான் சார், வேர்டு, எக்ஸெல் எல்லாம் ஓடும்” என்பார் கடைக்காரர். பொய்யில்லை, ஓடும். ஆனால் எந்த லட்சணத்தில் ஓடும் என்பதை ஸ்க்ரீன் அளவை வைத்துச் சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் ப்ராசஸர் எத்தனை வாட் வெப்பத்தை வெளியே தள்ள அந்த உடம்பு இடம் கொடுக்கிறது என்று பார்த்தால் சொல்லிவிடலாம்.

ப்ராசஸர் வாங்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் விநாடிக்குப் பல நூறு கோடி முறை துடிக்கும் கடிகாரத்துக்கு ஏற்ப மின்னூட்டம் பெறுகின்றன, இழக்கின்றன. இதில் செலவாகும் திறன் கடிகார வேகத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் இருக்கும். வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும். அதனால் இரண்டு மடங்கு வேகத்துக்கு இரண்டு மடங்கு வெப்பம் என்ற கணக்கோடு நிற்பதில்லை, அதையும் தாண்டி எகிறும். திருப்பிப் போட்டால் லாபம்: வேகத்தைப் பாதியாக்கி மின்னழுத்தத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், செலவு மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். பாதி வேலையை மூன்றில் ஒரு பங்கு செலவில் முடிப்பது நல்ல பேரம். நெட்புக் என்ற சாதனமே இந்தப் பேரத்தின் மேல்தான் நிற்கிறது.

அந்த வாட் எங்கே எழுதியிருக்கும்? சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். ‘அவுட்புட்’ என்ற வரியில் ஒரு வோல்ட் எண்ணும் ஓர் ஆம்பியர் எண்ணும் இருக்கும், இரண்டையும் பெருக்கினால் போதும். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 24 வாட். 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்றால் 65 வாட். பேட்டரியை நிரப்புவதும் இதிலேயே அடக்கம் என்பதால் இது ப்ராசஸரின் கணக்கு மட்டுமில்லை. ஆனாலும் எந்த ஜாதி இயந்திரம் என்பது பிடிபட்டுவிடும்.

2007 அக்டோபரில் தைவானின் ஆசஸ் நிறுவனம் இறக்கிய ‘ஈ பிசி 701’-இன் சார்ஜர் 9.5 வோல்ட், 2.315 ஆம்பியர். அதாவது 22 வாட். நெட்புக் அலையைத் தொடங்கி வைத்தது இதுதான். 7 இன்ச் ஸ்க்ரீன், 800-க்கு 480 புள்ளிகள், 512 எம்பி ரேம், 4 ஜிபி சேமிப்பு, ஒரு கிலோவுக்கும் குறைந்த எடை. 900 மெகாஹெர்ட்ஸ் ஓடக்கூடிய செலரான் சிப்பை அதில் 630-க்குக் கட்டிப்போட்டிருந்தார்கள். லினக்ஸ் போட்டு வந்தது, அது போக மிச்சம் இருந்த இடம் ஒன்றரை ஜிபிக்கும் குறைவு. ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கு நூறு டாலரில் கணினி என்று நிக்கோலஸ் நெக்ரோபான்டி கிளப்பிய பேச்சு சூடாக இருந்த நேரம் அது. குழந்தைகளை நினைத்துச் செய்ததைப் பெரியவர்கள் முண்டியடித்து வாங்கினார்கள்.

அடுத்த ஆண்டே இன்டெல் ‘ஆட்டம்’ சிப்பைக் கொண்டுவந்தது. இருக்கும் சிப்பைக் கட்டிப்போடாமல், சிறிய கருவிகளுக்கென்றே முதலிலிருந்து வரைந்த சிப். நெட்புக்குகளில் பெரும்பாலும் இருந்த ஆட்டம் என்270, கடிகார வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், வெப்பம் வெறும் 2.5 வாட். அப்போது வழக்கமான லேப்டாப்பில் இருந்த கோர் 2 டுவோ பி8400-க்கு 25 வாட், அதன் வேகம் 2.26 கிகாஹெர்ட்ஸ். வெப்பம் பத்தில் ஒரு பங்கு, வேகம் மட்டும் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு! காகிதத்தில் படித்தால் யாருக்கும் ஆசை வரும். கையில் எடுத்துப் பயன்படுத்தியவர்களுக்குத்தான் தெரியும், ஒரு இணையப் பக்கம் திறப்பதற்குள் கொட்டாவி வந்துவிடும். கட்டளைகளை நிறைவேற்றும் ‘கோர்’ என்ற அலகு கோர் 2 டுவோவில் இரண்டு, ஆட்டத்தில் ஒன்றுதான். ஆனால் அது மட்டும் காரணமில்லை.

கிகாஹெர்ட்ஸ் என்பது கடிகாரம் எத்தனை முறை துடிக்கிறது என்ற எண்ணிக்கைதான். ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது வேறு கணக்கு. ரேஷன் கடை வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் நிற்பவரின் கைரேகை மெஷினில் விழவில்லை. அவர் விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கும்வரை பின்னால் இருபது பேரும் நிற்க வேண்டியதுதான் என்பது ஒரு வகைக் கடை. “நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அடுத்தவர் வாங்க” என்பது இன்னொரு வகை. ஆட்டம் முதல் வகை. ஒரு கட்டளைக்கு வேண்டிய தரவு ரேமிலிருந்து வர நூறு துடிப்புக்கும் மேல் ஆகலாம், அதுவரை அடுத்த கட்டளைகள் வரிசையிலேயே நிற்கும். கோர் 2 டுவோ அப்படி நிற்காது. தரவு ஏற்கெனவே கைக்கு வந்துவிட்ட கட்டளைகளை முதலில் முடித்துக்கொண்டு, பிறகு முடிவுகளை மட்டும் சரியான வரிசையில் அடுக்கும். இப்படி ஆள் பார்த்துக் கூப்பிட, யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு துடிப்பிலும் கணக்கு வைக்கும் சுற்றுகள் நிறைய வேண்டும். அந்தச் சுற்றுகளுக்குத் தீனி மின்சாரம். 2.5 வாட்டுக்குள் அடங்க வேண்டுமென்று அவற்றையே வெட்டி எறிந்தார்கள்.

இதில் ஒரு கூத்தும் உண்டு. மின்சாரத்தை இத்தனை பார்த்துச் செய்த ஆட்டம் சிப்புக்குத் துணையாக வைத்தது 945 வகைப் பழைய சிப்செட், அதாவது ப்ராசஸரை ரேம், ஸ்க்ரீன் போன்றவற்றோடு இணைக்கும் துணைச் சிப்புகள். அதன் வெப்பம் ஆட்டத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். உயர்தர வீடியோவைப் பிரித்துக் காட்டும் தனிச் சுற்றும் அதில் கிடையாது. எனவே வீடியோ வேலையும் அந்த ஒற்றைக் கோர் தலையில் விழுந்தது, யூடியூப் திக்கித் திணறியது.

எல்லாக் குறையும் இயற்பியலால் வந்ததில்லை. மலிவான நெட்புக்குகள் லேப்டாப் வியாபாரத்தைத் தின்றுவிடும் என்ற பயம் பெரிய நிறுவனங்களுக்கு இருந்தது. நெட்புக்குகளுக்கென மைக்ரோசாஃப்ட் கொடுத்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், 10.2 இன்ச்சுக்கு மேல் ஸ்க்ரீனோ 1 ஜிபிக்கு மேல் ரேமோ உள்ள புதுக் கணினிகளுக்குக் கிடையாது என்று நிபந்தனை போட்டார்கள். அதில் வால்பேப்பரைக்கூட மாற்ற முடியாது. வால்பேப்பர் மாற்ற எத்தனை வாட் ஆகிவிடும்? 2010-இல் ஐபேட் வந்தது. 2012 முடியும்போது ஆசஸ், ஏசர் இரண்டுமே நெட்புக் தயாரிப்பை நிறுத்திக்கொண்டன.

பெயர்தான் போயிற்று, சரக்கு போகவில்லை. இன்டெல் அந்தச் சிறிய கோரைத் தூக்கிப் போடாமல் வளர்த்துக்கொண்டே வந்தது. 2013-இல் வந்த தலைமுறையிலேயே அது தள்ளி நிற்கச் சொல்லி அடுத்தவரைக் கூப்பிடக் கற்றுக்கொண்டது. 2021-இல் வந்த கிரேஸ்மாண்ட் என்ற வடிவம் நன்றாகவே தேறியது. இன்று சின்ன லேப்டாப்புகளில் வரும் என்100 சிப்பில் இருப்பது நான்கு கிரேஸ்மாண்ட் கோர்கள், வெப்பம் 6 வாட். இப்போது பக்கத்தில் இருக்கும் பெரிய லேப்டாப்பைப் பாருங்கள். பன்னிரண்டாம் தலைமுறை கோர் ஐ3-1215யூ என்று ஒட்டியிருந்தால், அதன் உள்ளே இருப்பவை ஆறு கோர்கள். அதில் நான்கு அதே கிரேஸ்மாண்ட்! மிச்சம் இரண்டும் பெரிய கோர்கள். அதாவது நவீன நெட்புக்கின் மூளை முழுசாக அந்த லேப்டாப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது, கூட இரண்டு பெரியவர்களோடு.

அந்த இரண்டு பெரிய கோர்களுக்குத்தான் நாம் கூடுதல் பணம் கொடுக்கிறோம். தேவையா? இணையப் பக்கத்தைக் கட்டி எழுப்பும் வேலையில் பெரும்பகுதி ஒரே இழையாக, ஒரே கோரில் ஓடுவது. எக்ஸெலில் பெரிய கோப்பைத் திறப்பதும் பல நேரம் அப்படித்தான். நான்கு சின்னக் கோர் சேர்ந்து அந்த வேலையைப் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. பெரிய கோர் ஒன்று பாய்ந்து முடித்துவிடும். அந்த ஐ3-இன் அடிப்படைக் கணக்கு 15 வாட் என்றாலும், உற்பத்தியாளர் அனுமதித்தால் கொஞ்ச நேரத்துக்கு 55 வாட்வரை போகலாம். உள்ளே இருக்கும் செம்புக் குழாயும் தகடும் சூடாவதற்குள் வேலை முடிந்துவிடும், பிறகு ஃபேன் நிதானமாக ஆற்றிக்கொள்ளும். ஃபேன் இல்லாத மெல்லிய உடம்பில் இந்த விளையாட்டுக்கு இடம் குறைவு. சூடு எல்லையைத் தொட்டதும் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் ஐந்து நிமிடம் பரவாயில்லாமல் ஓடி, மே மாத மதியத்தில் ஜூம் வகுப்பு அரை மணி தாண்டும்போது இழுக்கத் தொடங்கும். கடையில் ஏசிக்குக் கீழே வைத்து இரண்டு நிமிடம் தட்டிப் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

சரி, பேட்டரியாவது சின்னதில் நன்றாக நிற்குமா? 2008-இல் நின்றது. இன்று அந்த வித்தியாசம் கரைந்துவிட்டது. நாம் படித்துக்கொண்டும் யோசித்துக்கொண்டும் இருக்கும் நேரத்தில் ப்ராசஸர் பெரும்பாலும் தூங்குகிறது. பெரிய கோர் சீக்கிரம் முடித்துவிட்டு சீக்கிரம் தூங்கப் போய்விடும், சின்னக் கோர் நெடுநேரம் விழித்திருக்கும். மீதிச் செலவில் பெரும்பங்கு ஸ்க்ரீனுக்குப் பின்னால் எரியும் விளக்குக்கு. 15.6 இன்ச் ஸ்க்ரீனின் பரப்பு 11.6 இன்ச்சைப்போல் 1.8 மடங்கு, அந்த அளவுக்கு விளக்கும் கூடத் தின்னும். ஆனால் பெரிய உடம்பில் பெரிய பேட்டரி வைக்க இடமும் இருக்கிறது. 38 வாட்-மணி பேட்டரி, சராசரி 6 வாட் செலவு என்றால் ஆறு மணி நேரம் சொச்சம். 50 வாட்-மணி, 8 வாட் என்றாலும் அதேதான். எனவே பெட்டியில் எழுதியிருக்கும் மணிக்கணக்கை விட்டுவிட்டு வாட்-மணி எண்ணைத் தேடுங்கள்.

எனக்குப் பெரிய பயம் ப்ராசஸரைப் பற்றியது இல்லை. சின்ன லேப்டாப்புகளில் பலவற்றில் 4 ஜிபி ரேமும், 64 ஜிபி ஈஎம்எம்சி சேமிப்பும் போர்டிலேயே பற்றவைத்து வருகின்றன. ஈஎம்எம்சி என்பது மெமரி கார்டின் நெருங்கிய சொந்தம். அதன் அதிகபட்ச வேகமே விநாடிக்கு 400 எம்பி, அதுவும் ஒரு நேரத்தில் படிக்கவோ எழுதவோ ஒன்றைத்தான் செய்யும். லேப்டாப்பில் வரும் சாதாரண என்விஎம்இ எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பு ஆயிரக்கணக்கான எம்பியில் போகும். அது போகட்டும். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சத் தேவையே 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம். அதாவது வாங்கும் நாளிலேயே விளிம்பில் நிற்கிறீர்கள். ரேம் போதாதபோது விண்டோஸ் சேமிப்பில் தற்காலிக இடம் பிடிக்கும், அந்தச் சேமிப்போ மந்தம். பெரிய அப்டேட் ஒன்று வரும், இடம் இல்லை என்று நிற்கும். பற்றவைத்ததைக் கழற்றி மாற்ற எந்த சர்வீஸ் கடைக்காரரும் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார். 8 ஜிபி ரேமும், கழற்றி மாற்றக்கூடிய எஸ்எஸ்டியும் இருந்தால் சின்ன லேப்டாப்பும் நல்ல லேப்டாப்தான். செலரான் என்4020 என்று ஒட்டியிருந்தால் மட்டும் யோசிக்காமல் திருப்பிக் கொடுங்கள். இரண்டே கோர், அதுவும் பழைய தலைமுறை.

கீபோர்டு விஷயத்தில் எந்தத் தொழில்நுட்பமும் காப்பாற்றாது. வழக்கமான கீபோர்டில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 19 மில்லிமீட்டர். எண் வரிசையில் பேக்ஸ்பேஸோடு சேர்த்துப் பதினைந்து விசை அகலம், ஆக 28.5 சென்டிமீட்டர் வேண்டும். ஈ பிசி 701-இன் மொத்த அகலமே 22.5 சென்டிமீட்டர். விசைக்கு 15 மில்லிமீட்டர் கிடைத்தால் அதிகம். தமிழ்99 விசை அமைப்பில் பார்க்காமல் தட்டிப் பழகிய விரல்கள் அங்கே போனால் ‘க’ கேட்டு ‘ப’ வாங்கி வரும். இன்றைய 11.6 இன்ச்சில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை, ஓரத்து விசைகள் மட்டும் ஒல்லியாக இருக்கும்.

ஸ்க்ரீனில் பார்க்க வேண்டியது புள்ளிகளின் எண்ணிக்கை. பழைய நெட்புக்குகள் பலவற்றின் ஸ்க்ரீன் உயரம் 600 புள்ளிதான், சில செட்டிங்ஸ் பெட்டிகளின் ‘ஓகே’ பொத்தான் ஸ்க்ரீனுக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும். டேப் விசையைக் குத்துமதிப்பாகத் தட்டி என்டர் அடித்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும். இப்போதும் சின்னதில் 1366-க்கு 768 சகஜம். 11.6 இன்ச்சில் அது எழுத்துகளைக் கூர்மையாகவே காட்டும். அதே 768-ஐப் 15.6 இன்ச்சில் விரித்துத் தரும் மலிவு லேப்டாப்புகள்தான் மோசம். ‘ணை’, ‘னை’ இரண்டின் சுழிகளும் குழம்பி ஒன்றுபோலத் தெரியும். பெரியது வாங்கினால் 1920-க்கு 1080-இலிருந்துதான் பேச்சை ஆரம்பிக்க வேண்டும்.

நோட்ஸ் எடுக்க, மெயில் பார்க்க, கட்டுரை தட்ட, தினமும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக என்றால், 8 ஜிபி ரேமோடு என்100 சிப் உள்ள சின்னது தாராளமாகப் போதும். வீடியோவைப் பிரித்துக் காட்டத் தனிச் சுற்று இப்போது அதிலும் இருக்கிறது, படம் பார்ப்பதில் குறை வராது. இன்ஜினீயரிங் பிள்ளைக்கு, ஆட்டோகேட், வீடியோ எடிட்டிங், ஆண்ட்ராய்டு ஆப் எழுதுவது என்று ஏதாவது இருந்தால் பெரியதுதான்.

கையில் இருப்பது சின்னதன் விலைதான், வேண்டியதோ பெரியதன் வேலை என்றால், மூன்றாவது வழி ஒன்று உண்டு. கம்பெனிகள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் 14 இன்ச் ஆபீஸ் லேப்டாப்புகள் செகண்ட்ஹேண்டில் நிறையக் கிடைக்கின்றன. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்க வேண்டாம், விண்டோஸ் 11 அதற்கும் பழையவற்றுக்கு முறைப்படி கிடைக்காது, விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் தரும் பேட்டரி அறிக்கையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். புதிதில் எத்தனை வாட்-மணி, இப்போது எத்தனை என்று இரண்டு எண்கள் அதில் இருக்கும். இரண்டாவது எண் முதலாவதில் பாதிக்குக் கீழே போயிருந்தால், புது பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.