கால்னி ஹாட்ச் காப்பகம் நிரம்பிய கதையும் காலியான கதையும்

லண்டனின் வடக்கு ஓரத்தில் கால்னி ஹாட்ச் என்ற இடத்தில் 1849-ஆம் ஆண்டு ஒரு பெரிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். நாட்டியவர் விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட். மனநோயாளிகளுக்கான காப்பகமாக 1851 ஜூலையில் அது திறக்கப்பட்டது. இத்தாலிய மாளிகை போன்ற முகப்பு, 1,250 பேருக்கு இடம், சொந்தப் பண்ணை, சலவைக்கூடம், தேவாலயம். உள்ளே இருந்த நடைவழிகளை எல்லாம் சேர்த்தால் ஆறு மைலுக்கு மேல் வரும். 1993-இல் அதை மூடிவிட்டார்கள். இன்று அங்கே இருப்பது பிரின்சஸ் பார்க் மேனர் என்ற பெயரில், வசதியானவர்கள் வாங்கும் அடுக்குமாடி வீடுகள்.

மனநல மறுவாழ்வுத் துறையில் வேலை பார்க்கும் எனக்கு இந்தக் காப்பகத்தின் வரலாற்றில் தனி அக்கறை உண்டு. மூடியபோது உள்ளே இருந்தவர்கள் எங்கே போனார்கள், ஐந்து ஆண்டுகள் கழித்து எப்படி இருந்தார்கள் என்று ஆள் ஆளாகத் தேடிப்போய்ப் பதிவு செய்திருக்கிறார்கள். “இவங்களை எல்லாம் வெளியே விட்டா என்ன ஆகும்?” என்று நம்மிடம் கேட்பவர்களுக்கு ஊகத்தில் பதில் சொல்லத் தேவையில்லாதபடி செய்த வேலை அது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் காப்பகங்களைக் கொடுமைக்காரர்கள் கட்டவில்லை. அதற்கு முன்னால் இங்கிலாந்தில் ஏழை மனநோயாளி ஒருவர் போகக்கூடிய இடங்கள் ஏழைவிடுதி, சிறை, அல்லது லாபத்துக்கு நடத்தப்பட்ட தனியார் விடுதி. சங்கிலி சாதாரணம். ஹான்வெல் காப்பகத்தில் ஜான் கானலி 1839-இல் சங்கிலியையும் கட்டுப்போடும் கருவிகளையும் விலக்கி, அவை இல்லாமலே ஆயிரம் பேர் அளவுக்குள்ள ஒரு காப்பகத்தை நடத்த முடியும் என்று காட்டினார். அமைதியான இடம், நல்ல சாப்பாடு, கைக்கு வேலை, அன்பான பேச்சு. இவை கிடைத்தால் நோயாளி தேறி வீட்டுக்குப் போவார் என்ற உண்மையான நம்பிக்கை அன்று இருந்தது. பின்னாளில் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு என்று அறியப்பட்டவர் நாடாளுமன்றத்தில் போராடியதால் வந்த 1845-ஆம் ஆண்டுச் சட்டங்கள், ஒவ்வொரு கவுன்டியும் (நம் மாவட்டம் மாதிரி) காப்பகம் கட்டியே ஆக வேண்டும் என்று கட்டாயமாக்கின. கால்னி ஹாட்ச் அந்த அலையில் வந்தது.

தேறி வீட்டுக்குப் போவார் என்றுதான் திட்டம். போனவர்களும் உண்டு. ஆனால் வந்தவர்களில் பெரும்பகுதி அன்றைய மருத்துவத்தால் தேற்ற முடியாதவர்கள்: வலிப்பு நோய் உள்ளவர்கள், சிஃபிலிஸ் மூளைக்கு ஏறியவர்கள், பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவர்கள், நினைவு தப்பிய முதியவர்கள். இவர்களை அனுப்பியது பெரும்பாலும் ஏழைவிடுதிகள். 1874-இல் அரசாங்கம், காப்பகத்தில் இருக்கும் ஒவ்வொரு ஏழை மனநோயாளிக்கும் வாரத்துக்கு நான்கு ஷில்லிங் மானியம் தர ஆரம்பித்தது. நல்ல எண்ணத்தில் தந்த பணம்தான். ஆனால் உள்ளூர் அதிகாரிகள் கணக்குப் பார்த்தார்கள். ஏழைவிடுதியில் வைத்துக்கொண்டால் முழுச் செலவும் தங்கள் தலையில். காப்பகத்துக்கு அனுப்பினால் ஒரு பங்கு அரசாங்கத்தின் கையில். அனுப்பிவிட்டார்கள். மனநல நிறுவனங்கள் நிரம்புவதை நோய் மட்டுமே தீர்மானிப்பதில்லை, பணம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இந்த நான்கு ஷில்லிங் ஒரு முக்கியக் காரணம்.

இடம் போதவில்லை. கட்டடத்தை நீட்டினார்கள், அப்புறமும் போதவில்லை. இரண்டாயிரத்தைத் தாண்டியது கூட்டம். 1896-இல் தற்காலிகம் என்று சொல்லி மரத்தாலும் இரும்புத் தகட்டாலும் ஒரு நீண்ட கொட்டகை போட்டார்கள். தற்காலிகம் ஏழு ஆண்டு நீண்டது. 1903 ஜனவரி 27-ஆம் தேதி அதிகாலை அதில் தீப்பிடித்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். அங்கே தங்கியிருந்தவர்களில் பலர் யூதப் பெண்கள். அவர்களைத் தனிப் பகுதியாக வைத்திருந்தார்கள்.

இதைப் படிக்கும்போது தமிழர் யாருக்கும் ஏர்வாடி நினைவுக்கு வராமல் போகாது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, கீற்றுக்கொட்டகையில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த நிலையில் 28 பேர் தீயில் இறந்தார்கள். ஒரு நூற்றாண்டு இடைவெளியில், வேறு வேறு தேசத்தில் நடந்தவை. இரண்டு இடத்திலும் எளிதில் தீப்பற்றும் கொட்டகைக்குள் அளவுக்கு மீறி ஆட்களை வைத்திருந்தார்கள், அவர்களால் தாங்களாக வெளியே ஓடிவர முடியவில்லை.

1937-இல் ஃப்ரையர்ன் மனநல மருத்துவமனை என்று பெயரை மாற்றினார்கள். உலகப் போர் வந்தது, அதன்பின் தேசிய சுகாதாரச் சேவை வந்தது. உள்ளே வாழ்க்கை அதிகம் மாறவில்லை. 1965-இல் பார்பரா ராப் என்ற பெண்மணி தனக்குத் தெரிந்த ஒரு வயதான அம்மாவைப் பார்க்க ஃப்ரையர்னுக்குப் போனார். முதியவர்கள் வார்டில் அவர் பார்த்தது: மூக்குக்கண்ணாடி, பல்செட், காதுகேட்கும் கருவி எல்லாம் அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டிருந்தன. தொலைந்துவிடும், பராமரிப்பது தொல்லை என்ற நிர்வாக நியாயம் எப்போதும் இருக்கும். எதிரே இருப்பவர் தெரியாமல், பேசுவது கேட்காமல், சாப்பிடுவதை மெல்ல முடியாமல் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்த்து, ‘எதிலும் நாட்டமில்லை, மறதி முற்றிவிட்டது’ என்று கேஸ் ஷீட்டில் எழுதுவது எவ்வளவு சுலபம்! ராப் சும்மா விடவில்லை. பத்திரிகைக்குக் கடிதம் எழுதவைத்தார், இயக்கம் தொடங்கினார், சாட்சியங்களைத் திரட்டிப் புத்தகமாக்கினார். அதிகாரிகள் மறுத்தார்கள். ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் வேறு மருத்துவமனைகளில் நடந்த விசாரணைகள் இதே மாதிரி நிலைமையை வெளியே கொண்டுவந்தன. 1969-இல் மருத்துவமனைகளை நேரில் போய்ப் பார்த்து ஆலோசனை சொல்ல ஒரு தனி அமைப்பே உருவானது.

ராப்புக்குத் துணை நின்ற டாக்டர்களில் ஒருவர் ரஸ்ஸல் பார்ட்டன். நீண்டகால நோயாளிகளிடம் நாம் பார்க்கும் மந்தம், குனிந்த நடை, சொன்னதைச் செய்துவிட்டு நிற்கும் பணிவு, நாளைக்கு என்ன என்று கேட்காத தன்மை, இவற்றில் ஒரு பெரும்பங்கு நோயால் வருவதில்லை, மருத்துவமனை வாழ்க்கையால் வருகிறது என்று அவர் 1959-லேயே விளக்கினார்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகள் ஒரு விடுதியில் அடைபட்டிருந்த ஒரு அக்கா எங்கள் வீட்டுமுறை மையத்துக்கு வந்தார் (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). காலையில் குளித்துவிட்டுக் குளியலறை வாசலில் நிற்பார், யாராவது துணி எடுத்துத் தரும்வரை. அவருடைய புடவைகள் அவருடைய அலமாரியில்தான் இருந்தன. தெருமுனைக் கடையில் டீ குடித்து வரச்சொல்லி இருபது ரூபாய் கொடுத்தால், மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். மாத்திரையை நாங்கள் மாற்றவில்லை. கூட ஒருவர் தினமும் கடைக்குப் போனார், அவ்வளவுதான். சில மாதங்களில் அவரே கடைக்காரரிடம், “சக்கரை கம்மியா, ஸ்ட்ராங்கா போடுங்க தம்பி” என்று சொல்ல ஆரம்பித்தார். மனச்சிதைவு நோய் அவருக்கு அப்போதும் இருந்தது, குரல்களும் அவ்வப்போது கேட்டுக்கொண்டுதான் இருந்தன.

காப்பகங்களை மூடும் பேச்சு இங்கிலாந்தில் வெளிப்படையாக வந்தது 1961-இல். அப்போதைய சுகாதார அமைச்சர் ஈனக் பவல், பெரிய தண்ணீர்த் தொட்டிக் கோபுரங்களோடு நிற்கும் இந்தக் கட்டடங்களின் காலம் முடிய வேண்டும் என்று பேசினார். மனச்சிதைவு போன்ற நோய்களுக்கான குளோர்புரோமசின் மாத்திரை வந்து, 1950-களின் நடுவிலிருந்தே நோயாளிகள் எண்ணிக்கை குறையத் தொடங்கியிருந்தது. ஆனாலும் ஃப்ரையர்னையும் கிளேபரி என்ற இன்னொரு காப்பகத்தையும் பத்தாண்டுக்குள் மூடுவது என்ற முடிவு 1983-இல்தான் வந்தது. பேச்சுக்கும் முடிவுக்கும் நடுவில் இருபத்திரண்டு ஆண்டுகள்.

அந்த முடிவில் இருந்த ஒரு நல்ல ஏற்பாட்டை நம்மூரில் போதுமான அளவு யாரும் பேசுவதில்லை. நீண்டகாலம் இருந்த ஒரு நோயாளி வெளியேறும்போது, அவருக்காக மருத்துவமனை செலவழித்துவந்த பணமும் அவரோடு சேர்ந்து வெளியேறியது. அந்தப் பணத்தில் சாதாரணத் தெருக்களில் வீடுகள் எடுத்து, ஊழியர்களை நியமித்து, சிலர் சிலராகக் குடிவைத்தார்கள். ஜூலியன் லெஃப் என்ற மனநல மருத்துவர் தலைமையில் ஒரு ஆய்வுக்குழு 1985 முதல் அவர்களைப் பின்தொடர்ந்தது. வெளியேறியவர்களின் சராசரி வயது ஐம்பதைத் தாண்டியது. உள்ளே பல பத்தாண்டுகள் கழித்தவர்களும் உண்டு.

670 பேரை ஐந்தாண்டுகள் தொடர்ந்தார்கள். பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு அப்போதும் வெளியேதான் வாழ்ந்தார்கள். தடம் தெரியாமல் போனவர்கள் மிகச் சிலர். ‘தெருவுக்கு வந்துவிடுவார்கள்’ என்ற பயம் இவர்கள் விஷயத்தில் பொய்த்துப் போனது. மூன்றில் ஒருவர் ஒருமுறையாவது மறுபடி மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தது, அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். நோயின் அறிகுறிகள் பெரிதாகக் குறையவில்லை. நண்பர்கள் கூடினார்கள், வீட்டு வேலைத் திறன் கூடியது, பெரும்பாலோர் திரும்பிப் போக விரும்பவில்லை. ‘இவர்களை எங்கேயும் வைக்க முடியாது’ என்று கடைசிவரை ஒதுக்கிய 72 பேரைத் தனிப் பிரிவுகளில் வைத்துக் கவனித்தார்கள். ஐந்தாண்டில் அவர்களிலும் சுமார் 40 சதவீதம் பேர் ஊருக்குள் இருக்கும் பராமரிப்பு இல்லங்களுக்குப் போக முடிந்தது.

கோளாறு வேறு இடத்தில் வந்தது. புதிதாக நோய் முற்றி வருபவர்களுக்குப் படுக்கை போதவில்லை, வார்டுகள் நிரம்பி வழிந்தன. 1992 டிசம்பரில் ஃபின்ஸ்பரி பார்க் ரயில் நிலையத்தில் மனச்சிதைவு நோயுள்ள ஒருவர், முன்பின் தெரியாத இளைஞர் ஒருவரைக் கொன்றார். காப்பகங்களை மூடியதுதான் காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த மனிதர் காப்பகத்தில் பல பத்தாண்டு கழித்து வெளியே வந்தவர் அல்ல. பல மருத்துவமனைகள், பல அலுவலகங்கள் கைமாற்றிக் கைமாற்றி யாரும் தொடர்ந்து பொறுப்பேற்காமல் விட்டவர் என்று விசாரணை அறிக்கை காட்டியது.

சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவமனை இப்போதைய இடத்துக்கு வந்தது 1871-இல், அதே விக்டோரியா காலத்தில், அதே சட்டச் சிந்தனையில். 1912-ஆம் ஆண்டின் பைத்தியச் சட்டத்தை மாற்ற நாம் 1987-இல்தான் புதுச் சட்டம் இயற்றினோம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, வீட்டார் ஏற்கவில்லை, வீடில்லை, வெளியே வசதியில்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிறுவனத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது. சட்டம் தெளிவாக இருக்கிறது. அந்த ‘வெளியே வசதி’தான் தேவைக்கு ஏற்ப இன்னும் வரவில்லை. ஃப்ரையர்னில் நடந்த மாதிரி ஆளோடு பணமும் போனால்தான் அது வரும்.

அதுவரை குடும்பங்கள் எங்களிடம் வந்து, “நிரந்தரமா சேத்துக்கிற மாதிரி ஒரு இடம் சொல்லுங்க, மாசாமாசம் பணம் அனுப்பிடறோம்” என்று கேட்கத்தான் செய்வார்கள். எழுபது வயது அம்மா நாற்பது வயது மகனுக்காகக் கேட்கும்போது கோபப்பட யாருக்கும் உரிமையில்லை. நான் அவர்களிடம் சொல்வது இது. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவை முதலில் பாருங்கள், மாத்திரை இலவசமாகக் கிடைக்கும். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு மனநோயும் தகுதிதான், விண்ணப்பியுங்கள். விடுதியில் சேர்த்தே ஆக வேண்டுமென்றால், மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். வரவேற்பறையில் உட்கார்ந்து பேசிவிட்டு வராமல், படுக்கிற இடத்தையும் கழிப்பறையையும் பாருங்கள். சங்கிலி கண்ணில் பட்டால் புகார் கொடுங்கள், சட்டப்படி அது தடைசெய்யப்பட்டது. எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று சேர்க்கும் நாளிலேயே கேளுங்கள். அந்தக் கேள்விக்குச் சிரிக்கிற இடத்தில் சேர்க்காதீர்கள். கண்ணாடி, பல்செட் இருந்தால் அவர் பெயர் எழுதிக் கொடுத்து, பார்க்கப் போகும்போதெல்லாம் அவை அவரிடமே இருக்கின்றனவா என்று பாருங்கள். ரேஷன் கார்டிலிருந்து மட்டும் பெயரை எடுத்துவிடாதீர்கள். திரும்பி வந்தபின் சான்றிதழுக்கோ உதவித்தொகைக்கோ எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.