‘ஊதுங்க’ அல்ல, ‘இழுங்க’

உடல் எடை குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்தவர் கையில், மூன்று பந்துகள் போட்ட பிளாஸ்டிக் கருவி ஒன்றைக் கொடுத்து “நல்லா ஊதுங்க” என்கிறார்கள். அவரும் தையல் வலியோடு மூச்சு முட்ட ஊதுகிறார். பந்து அசைவதே இல்லை. எப்படி அசையும்? இழுத்தால்தானே பந்து ஏறும்!

கருவியின் பெயர் இன்சென்டிவ் ஸ்பைரோமீட்டர். லத்தீனில் ‘ஸ்பிராரே’ என்றால் மூச்சுவிடுதல், கிரேக்கத்தில் ‘மெட்ரான்’ என்றால் அளவு. ஸ்பைரோமீட்டரை 1840களில் பரவச் செய்தவர் ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர். நுரையீரல் எவ்வளவு காற்றை வெளியேற்றுகிறது என்று அளப்பது அது. அதில் ஊதத்தான் வேண்டும். ‘மூச்சுமானி’ என்ற பெயர் அதற்குப் பொருந்தும்.

அந்தப் பெயரையே வார்டுக் கருவிக்கும் சூட்டியதில்தான் வந்தது வினை. இங்கே அளப்பது நோக்கமல்ல, பயிற்சிதான் நோக்கம். பந்து எழும்புவதைக் கண்டு இன்னும் ஆழமாக இழுக்கத் தோன்றுகிறதே, அதுதான் ‘இன்சென்டிவ்’. கணினி மொழிபெயர்ப்பு இதை ‘ஊக்கத்தொகை’ ஆக்கிவிடுகிறது. நோயாளிக்கு யார் தொகை கொடுக்கிறார்கள்? அதைத் திருத்தாமல் அச்சிடுபவர்களை என்னவென்று சொல்வது! யோகத்தில் மூச்சை உள்ளிழுப்பதைப் பூரகம் என்பதால், ‘பூரகக் கருவி’ என்பாரும் உண்டு. பொருள் சரி, ஆனால் யோகம் பயிலாதவருக்கு அது இன்னொரு புரியாத சொல். ‘மூச்சிழுப்புப் பயிற்சிக் கருவி’ என்பதே என் முடிவு. நீளம்தான், ஆனாலும் செய்ய வேண்டியதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

இது வெறும் சொல் சண்டை இல்லை. மயக்க மருந்து, மல்லாந்து படுத்த நிலை, வயிற்றின் கனம், லேப்ராஸ்கோப்பிக்காக, அதாவது சிறு துளை வழியே செய்யும் அறுவை சிகிச்சைக்காக, வயிற்றுக்குள் ஏற்றிய கார்பன் டை ஆக்சைடு எல்லாம் சேர்ந்து, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை மேலே தள்ளுகின்றன. நுரையீரலின் அடிப்பகுதியில் காற்றறைகள் சுருங்கிப்போகின்றன. வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சுவிட்டால் அவை விரியாது. ஊதினால் உள்ள காற்றும் போகும். இந்தச் சுருக்கத்தை, அதாவது அட்டெலக்டாசிஸை, ‘நுரையீரல் செயலிழப்பு’ என்று எழுதி நோயாளியைக் கலங்கடிப்பது இன்னொரு கொடுமை. ‘காற்றறைச் சுருக்கம்’ போதும்.

நோயாளிக்குக் கொடுக்கும் கையேட்டில் இப்படி எழுதுங்கள்: நிமிர்ந்து உட்காருங்கள். மூச்சை வெளியே விட்டுவிட்டு, குழாயை உதடுகளால் இறுக்கிக் கவ்வுங்கள். பந்து ஏறும்படி மெதுவாக, ஆழமாக இழுங்கள். மூன்று முதல் ஐந்து நொடி பிடித்து வைத்து, குழாயை எடுத்துவிட்டு மெல்ல விடுங்கள். ‘ஊது’ என்ற சொல் ஓரிடத்திலும் வரக்கூடாது.