60 விழுக்காடு வாக்கும் சரிபாதி இடங்களும்

அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் 2008-ஆம் ஆண்டு அதிபர் வேட்பாளர் போட்டியைப் பற்றி வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். நெவாடாவில் ஹிலாரி கிளிண்டன் முந்தியதாக அறிவித்தவர்களே, அங்கு ஒபாமாவுக்கு 13 பிரதிநிதிகள், ஹிலாரிக்கு 12 என்று எப்படிக் கணக்கிட்டார்கள்? எதிராளி பெரும்பான்மையைத் தொட்ட இரவிலும் ஹிலாரி ஏன் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை? இரண்டுக்கும் விடை கட்சியின் விதிப்புத்தகத்தில்தான் இருக்கிறது.

உட்கட்சித் தேர்தலில் மக்கள் அளிக்கும் வாக்கு வேட்பாளரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. வேட்பாளரை முடிவு செய்யும் கட்சி மாநாட்டுக்குச் செல்லும் பிரதிநிதிகளின் பங்கீட்டைத்தான் அது தீர்மானிக்கிறது. வென்றவருக்கே எல்லா இடங்களும் என்ற முறை ஜனநாயகக் கட்சியில் இல்லை. 15 விழுக்காட்டுக்குக் குறையாமல் வாக்கு பெற்ற ஒவ்வொருவருக்கும் வாக்கு விகிதப்படி இடம் கிடைக்கும். இந்தப் பங்கீடு மாநில அளவில் ஒரு முறையும், ஒவ்வொரு நாடாளுமன்றத் தொகுதியிலும் தனித்தனியாகவும் நடக்கிறது. என்னை வியக்க வைக்கும் கணக்கு தொகுதியில்தான் இருக்கிறது.

ஒரு தொகுதிக்கு 4 பிரதிநிதிகள் என்று கொள்வோம். இருவர் மட்டுமே போட்டியிட, ஒருவர் 60 விழுக்காடும் மற்றவர் 40 விழுக்காடும் பெறுகிறார்கள். விகிதப்படி 2.4 இடங்களும் 1.6 இடங்களும் வர வேண்டும். மனிதரைப் பின்னமாக்க முடியாது என்பதால், முதலில் முழு எண்களைக் கொடுத்துவிடுகிறோம்: ஒருவருக்கு 2, மற்றவருக்கு 1. எஞ்சும் ஓரிடம் யாருடைய பின்னம் பெரிதோ அவருக்குப் போகும். 0.6 என்பது 0.4-ஐவிடப் பெரிது. ஆகவே தோற்றவருக்கு அந்த இடம் சேர்ந்து, முடிவு 2-2 என்றாகிறது. இருபது விழுக்காட்டு முன்னிலை முழுவதும் கரைந்துபோகிறது! மூன்றாவது இடத்தைப் பிடிக்க அவர் 62.5 விழுக்காட்டைத் தாண்டியிருக்க வேண்டும்.

பக்கத்துத் தொகுதிக்கு 3 பிரதிநிதிகள். அங்கே 51-க்கு 49 என்று மயிரிழையில் முந்தினாலே போதும்: 1.53, 1.47 என்று பின்னங்கள் வந்து, முடிவு 2-1. இரட்டைப்படைத் தொகுதியில் 62 விழுக்காடு பெற்றவர் ஓரிடம்கூட முந்தாமல் நிற்க, ஒற்றைப்படைத் தொகுதியில் 51 விழுக்காடு பெற்றவர் ஓரிடம் முந்திவிடுகிறார். எனவே ஒரு பிரசாரக் குழு தன் பணத்தையும் ஆட்களையும் எங்கே அனுப்ப வேண்டும் என்பதை, தொகுதியின் மக்களைவிட அதன் இடங்கள் ஒற்றையா இரட்டையா என்பதே சில நேரம் முடிவு செய்கிறது. ஒபாமா குழுவினர் இந்தக் கணக்கைக் கருத்தூன்றிப் படித்தவர்கள். நெவாடாவில் மாநில அளவில் ஹிலாரி ஏறத்தாழ 51-க்கு 45 என்று முந்தினார்; ஆனால் ரீனோவிலும் ஊர்ப்புறங்களிலும் ஒபாமா பெற்ற முன்னிலை இடமாக மாறிய அளவுக்கு, லாஸ் வேகாஸ் பக்கம் ஹிலாரி பெற்ற முன்னிலை மாறவில்லை.

பல மாநிலங்கள் ஒரே நாளில் வாக்களித்த பிப்ரவரி 5 அன்று நடந்ததும் இதற்கு நல்ல சான்று. பெரிய மாநிலமான நியூ ஜெர்சியில் வென்ற ஹிலாரிக்கு 59-க்கு 48 என்று 11 இடங்கள் கூடுதலாகக் கிடைத்தன. சின்னஞ்சிறு ஐடஹோவில், குறைவானவர்களே கலந்துகொண்ட ‘காக்கஸ்’ (கட்சியினர் நேரில் கூடித் தம் தேர்வைத் தெரிவிக்கும்) கூட்டங்களில் 15-க்கு 3 என்று வென்ற ஒபாமாவுக்குக் கிடைத்த கூடுதலோ 12. தொலைக்காட்சிகளில் அன்று ‘அலை யார் பக்கம் வீசுகிறது’ என்பதே பேச்சாக இருந்தது. அலையை நம்புவதும் நல்ல நேரத்தை நம்புவதும் எனக்கு ஒன்றாகவே தோன்றுகின்றன. வகுத்தல் கணக்கு தெரிந்தவர்களுக்கு எண்கள் வெளிப்படையாகவே கிடந்தன. வாக்குகளை இடங்களாக மாற்றும் இந்தக் கணிதத்துக்குப் பல்கலைக்கழகங்கள் தனி இருக்கையும் ஆய்வு நிதியும் ஒதுக்க வேண்டும் என்பது என் நெடுநாளைய விருப்பம்.

இனி இரண்டாம் கேள்வி. கட்சி அனுமதித்த நாளுக்கு முன்பே தேர்தல் நடத்தியதற்காக மிச்சிகன், ஃபுளோரிடா மாநிலங்களின் பிரதிநிதிகள் முழுவதுமாக நீக்கப்பட்டிருந்தார்கள். மிச்சிகன் வாக்குச்சீட்டில் ஒபாமாவின் பெயரே இல்லை. மே 31 அன்று கட்சியின் விதிக்குழு கூடி, இரு மாநிலப் பிரதிநிதிகளையும் ஆளுக்கு அரை வாக்குடன் ஏற்றுக்கொண்டது. பெரும்பான்மைக்குத் தேவையான எண் 2,118 ஆனது. போட்டியாளர் பெயரே இல்லாத வாக்குச்சீட்டை முழுமையான தேர்தலாகக் கொள்ள முடியாது என்பதால், விதிக்குழு செய்தது ஏறக்குறைய சரி என்றே நினைக்கிறேன். ஆனால் நாளைக் குறித்த தலைவர்களின் பிழைக்கு வாக்காளரைத் தண்டித்தது எனக்கு உவப்பாக இல்லை.

ஜூன் 3 அன்று ஒபாமா அந்த எண்ணைத் தொட்டார். எனினும் அது மக்கள் வாக்கால் மட்டும் எட்டிய எண் அன்று. அன்று மொத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர், மக்கள் வாக்குக்குக் கட்டுப்படாத ‘சூப்பர் பிரதிநிதிகள்’: கட்சியின் ஆளுநர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், நிர்வாகிகள். அவர்கள் ஆதரவை அறிவித்தாலும் மாநாட்டு நாள்வரை மனம் மாற அன்றைய விதி இடம் கொடுத்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளைக்கூட, வாக்காளரின் எண்ணத்தை ‘நல்ல மனச்சாட்சியுடன்’ பிரதிபலிக்குமாறுதான் விதி கேட்கிறது. ஆக 2,118 என்பது எண்ணி முடிக்கப்பட்ட வாக்கு அன்று, எண்ணப்பட்ட வாக்குறுதி. அந்த வாக்குறுதிகளை அசையாமல் நிறுத்துவது தோற்றவரின் ஒப்புதல்தான்.

நான்கு நாட்கள் கழித்து, ஜூன் 7 அன்று, ஹிலாரி ஒபாமாவை ஆதரித்துப் பேசினார். அப்போதும் ‘விலகுகிறேன்’ என்று சொல்லாமல் பிரசாரத்தை ‘நிறுத்திவைப்பதாக’வே அறிவித்தார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் காரணம் உண்டு: மாநில அளவிலான பிரதிநிதிகளைத் தேர்வு செய்யும் நேரத்தில் ஒருவர் வேட்பாளராக இல்லாவிட்டால், அவருடைய பங்கு மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும் என்கிறது விதி. ஆகஸ்ட் 27 அன்று டென்வர் மாநாட்டில் மாநிலவாரியாக வாக்கெடுப்பு நடந்துகொண்டிருக்கையில், நியூயார்க் பிரதிநிதிகளிடையே நின்ற ஹிலாரி, வாக்கெடுப்பை நிறுத்தி ஒபாமாவை ஒருமனதாக வேட்பாளராக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அரங்கம் குரல் வாக்கால் அதை ஏற்றது.